பட்டணம் வரும்வரை ஓடும்

புதிய கேம் வருகிறது என்றால் மற்றவர்கள் முதலில் டிரெய்லர் பார்ப்பார்கள். என்னைப் போன்றவர்கள் நேரே கீழே போய் ‘மினிமம்’ என்று போட்டிருக்கும் பட்டியலைப் படிப்போம். எந்த பிராசசர், எத்தனை ஜிபி ராம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு? நம் கார்டின் பெயர் அதில் இருந்தால் நிம்மதி. ஒரு படி மேலே கேட்டிருந்தால் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். இரண்டு படி மேலே கேட்டிருந்தால் டிரெய்லரைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வோம்.

என்னிடம் இருப்பது பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர். கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துக்கட்டியதைத் துடைத்து, விண்டோஸ் போட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வைத்து விற்கிறார்களே, அந்த ரகம். உள்ளே 2014-இல் வந்த இன்டெல் ஐ5-4590. நான்கு கோர், நான்கு த்ரெட், அவ்வளவுதான். 16 ஜிபி டிடிஆர்3 ராம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 4 ஜிபி நினைவகத்தோடு ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. இந்தக் கார்டுக்கு ஒரு பெருமை உண்டு. 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் கரண்டே போதும், பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டாம். ஆபீஸ் பெட்டிகளில் இருக்கும் சோப்ளாங்கி பவர் சப்ளைக்கு இதைவிட்டால் கதி கிடையாது. 2016-இல் வந்த இந்தக் கார்டை, 2021-இல் கார்டு தட்டுப்பாடு தலைவிரித்தாடியபோது என்விடியாவே மறுபடி சந்தைக்கு விட்டது. தூசு தட்டி வெளியே எடுக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கே வந்தது என்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

“போர்டோட மாத்திடுங்க சார், இதுல காசு போடாதீங்க” என்று ராம் வாங்கப் போன கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது வியாபாரத்துக்குச் சரி. போர்டை மாற்றினால் பிராசசர் மாறணும், ராம் மாறணும், பவர் சப்ளை மாறணும். கடைசியில் மிஞ்சுவது பெட்டியின் தகரம் மட்டும்தான். “இருக்கட்டும்ணே, இதுலயே ஓட்டிப் பார்க்கிறேன்” என்று ராமை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மாதிரி மெஷினுக்கு ஏற்றது ஆர்பிஜிதான் என்று பலரும் சொல்வார்கள். துப்பாக்கிச் சண்டை கேம்களைப்போல் கண் இமைக்கும் நேரத்தில் வாழ்வா சாவா என்று இருக்காது. கதை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது, ஃபிரேம் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி, கதை பட்டணத்துக்குள் நுழையும்போது தெரியும்.

அதற்கு முன் பேரம் படியக்கூடிய பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு எப்போதும் பேரத்துக்கு இறங்கி வரும். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும்.

எல்லோரும் முதலில் கை வைப்பது ரெசொல்யூஷனில். 1920-க்கு 1080 என்றால் திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1280-க்கு 720 என்றால் 9.2 லட்சம். கார்டின் வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் ஆர்பிஜியில் ரெசொல்யூஷனை நேரடியாகக் குறைக்கவே கூடாது என்பது என் கட்சி. காரணம் எழுத்து. இந்த கேம்களில் பாதி நேரம் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மந்திரத்துக்கு எத்தனை பகடை, அது எத்தனை சுற்று நிற்கும், இந்த மோதிரத்தைப் போட்டால் என்ன கூடும், செத்துக் கிடப்பவன் பையில் இருந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாமே பொடி எழுத்து. 1080 மானிட்டரில் 720 படத்தை இழுத்து விரித்தால் எழுத்தும் சேர்ந்து மசமசவென்று இழுபடும். ஒரு மணி நேரத்தில் கண் எரியும். ரெசொல்யூஷனை 1080-லேயே விட்டுவிட்டு, ‘ரெண்டர் ஸ்கேல்’ அல்லது எஃப்எஸ்ஆர் என்று இருப்பதைத் தொட வேண்டும். அப்போது மரம், மலை, மனிதர்கள் மட்டும் சின்ன அளவில் வரையப்பட்டுப் பெரிதாக்கப்படுவார்கள். எழுத்தும் ஐகான்களும் பெரும்பாலான கேம்களில் முழு அளவிலேயே இருக்கும்.

எஃப்எஸ்ஆர் என்பது ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த வித்தை. இதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால்தான் வேலை செய்யும். ஏஎம்டி அந்தப் பாகுபாடு பார்க்கவில்லை. போட்டிக் கம்பெனி கொடுத்த மருந்தில் என்விடியாவின் பழைய கார்டு உயிர் பிழைக்கிறது. (நான்காம் தலைமுறை எஃப்எஸ்ஆர் வந்தபோது ஏஎம்டியும் புதுக் கார்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. தர்மம் எத்தனை நாள் ஓடும்!) அதில் ‘குவாலிட்டி’ என்று ஒரு படி இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1080 திரையில் அது உள்ளே வரைவது 720 அளவில்தான். ‘பெர்ஃபார்மன்ஸ்’ படி 540-க்கு இறங்கிவிடும். குவாலிட்டிக்குக் கீழே நான் போவதில்லை. போனால் முதலில் கெடுவது முடி. பால்டர்ஸ் கேட் 3-இல் நம்மோடு வரும் ஆஸ்டாரியன் பேச வந்து கேமரா அவன் முகத்துக்கு நெருங்கும்போது பாருங்கள். அந்த வெள்ளைச் சுருட்டை முடியின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பிரிந்து, தலையை ஆட்டும்போதெல்லாம் மினுமினுக்கும். அவ்வளவு நன்றாக நடித்துப் பேசுகிறவன் முகத்தைப் பார்க்காமல் தலையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நிழல் இன்னொரு விஷயம். கார்டுக்கு நிழல் பெரிய சுமை என்பதால் கையில் கிடைத்ததும் அணைத்துவிடத் தோன்றும். முழுக்க அணைத்தால் ஆள் தரையில் நிற்க மாட்டான், அரையடி மேலே மிதப்பான். காலடியில் ஒரு மங்கிய கறை இருந்தால்கூடப் போதும், கண் ஏற்றுக்கொள்ளும். அதனால் நிழல் ‘லோ’, ஒருபோதும் ‘ஆஃப்’ கிடையாது. மூடுபனி, மேகம், தண்ணீரில் தெரியும் பிம்பம், மூலை முடுக்கில் விழும் மெல்லிய கருமை, இவற்றை எல்லாம் தயங்காமல் இறக்கலாம். பத்து நிமிடத்தில் மறந்துவிடும். டெக்ஸ்சரை மட்டும் அவசரப்பட்டுக் குறைக்கக் கூடாது. சுவரின் காரை, சட்டையின் நெசவு, முகத்தின் தழும்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது கார்டின் வேகத்தை அவ்வளவாகத் தின்பதில்லை, நினைவகத்தைத்தான் தின்னும். 4 ஜிபிக்குள் அடங்கும்வரை ஏற்றி வைக்கலாம். அடங்காவிட்டால் உடனே தெரியாது. முதல் அரை மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு நிரம்பி வழிவது கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய்த் திரும்பி வர ஆரம்பிக்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் திரை ஒரு கணம் உறைந்து நகரும். கேமை மூடித் திறந்தால் சரியாகும், மறுபடி கெடும். அந்த அறிகுறி தெரிந்தால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிவிட வேண்டியதுதான்.

சில கேம்களில் ஒரே ஒரு சொகுசு மொத்தச் சுமையையும் தூக்கிக்கொண்டிருக்கும். தி விட்சர் 3-இல் அது ஹேர்வொர்க்ஸ். நாயகன் கெரால்ட்டின் முடியும் ஓநாயின் ரோமமும் காற்றில் இழை இழையாக அசைவதற்காக என்விடியா சேர்த்தது. அதை அணைத்தால் பழைய கார்டு மூச்சு விடும். 2015-இல் வந்த அந்த கேமுக்கு 2022 டிசம்பரில் பெரிய புதுப்பிப்பு வந்தது. டிஎக்ஸ்12, ரே டிரேசிங் என்று ஒரே ஆடம்பரம். நல்லவேளை, தொடங்கும்போதே டிஎக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். நமக்கு அதுதான் வாசல்.

ஃபிரேம் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு அறுபது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் பழைய கம்ப்யூட்டரில் நிம்மதியாக ஆட முடியாது. அறுபது என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், முப்பது என்றால் 33.3. கண்ணுக்கு வேதனை தருவது முப்பது என்ற எண் இல்லை. நாற்பத்தைந்துக்கு ஏறி இருபத்தெட்டுக்கு விழுந்து மறுபடி ஏறும் தள்ளாட்டம்தான் வேதனை. ரிவாட்யூனர் என்ற இலவச மென்பொருளில் முப்பதில் பூட்டுப் போட்டுவிட்டால், ஃபிரேம்கள் ஒரே சீராக வரும். கால் மணி நேரத்தில் கண் பழகிவிடும். கார்டும் சூடாகாது. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் அறையே கொதிக்கும்போது, 83 டிகிரியைத் தொட்டதும் இந்தத் தலைமுறைக் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசசர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால் கேட்கவே வேண்டாம். கோடையில் பெரிய கேம் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதும் உண்டு. தூசு சேரும், மாதம் ஒருமுறை ஊதிவிட வேண்டும், அவ்வளவே.

இனி பட்டணத்துக்கு வருவோம்.

ஆர்பிஜி கதைகளுக்கு ஒரு பொதுவான வழித்தடம் உண்டு. குக்கிராமத்திலோ காட்டிலோ ஆரம்பிக்கும், பெரிய நகரத்தில் போய் முடியும். விட்சர் 3 வொயிட் ஆர்ச்சர்டு என்ற அமைதியான சிற்றூரில் தொடங்கி நோவிகிராடு என்ற துறைமுக நகரத்துக்குப் போகிறது. 1403-ஆம் வருடத்து பொஹீமியாவில் நடக்கும் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 திரோஸ்கி பக்கத்துக் காடுமேடுகளில் நம்மை அலையவிட்டு, பிறகுதான் குட்டன்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க நகரத்தைக் காட்டுகிறது. பால்டர்ஸ் கேட் 3-இல் அந்த பால்டர்ஸ் கேட் என்ற ஊரே மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. கதைக்கு இது அழகு. சிறியவன் பெரிய இடத்துக்கு வந்து சேருவது காலகாலமாகச் சொல்லப்படும் கதைதானே. ஆனால் கம்ப்யூட்டருக்கு இதன் பொருள் வேறு. பரீட்சையின் கடினமான கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாற்பது மணி நேரம் ஓடிய மெஷின் ஐம்பதாவது மணி நேரத்தில் படுத்துக்கொள்ளும்.

பால்டர்ஸ் கேட் 3-இன் மினிமம் பட்டியலில் ஐ5-4690 என்று போட்டிருந்தது. என் பிராசசருக்குச் சித்தப்பா மகன்தான். கார்டுக்கு ஜிடிஎக்ஸ் 970 கேட்டார்கள், என்னுடையது அதற்கு ஒரு படி கீழே. முதல் பாகத்தின் தோப்பு, குகை, கோப்ளின் முகாம் எல்லாம் முப்பதில் பூட்டி நிம்மதியாக ஓடின. இரண்டாம் பாகத்தில் எங்கும் இருட்டு. இருட்டு பழைய கார்டுக்கு நண்பன், தூரத்தில் இருப்பதை வரைய வேண்டாம். பிறகு ரிவிங்டன். அகதிகள் கூட்டம், சர்க்கஸ், சந்தை. எண் ஆட ஆரம்பித்தது. பசிலிஸ்க் கேட்டைத் தாண்டி லோயர் சிட்டிக்குள் போனதும் இருபதைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. வழக்கம்போல் செட்டிங்ஸைத் திறந்து நிழலை இறக்கினேன், எஃப்எஸ்ஆரை இறக்கினேன், கடைசியில் சோதனைக்காக எல்லாவற்றையும் தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். எண் அசையவில்லை.

இதுதான் அந்தச் சோதனை. யாருக்கும் சொல்லித் தருவேன். படத்தின் தரத்தை அதலபாதாளத்துக்கு இறக்கியும் ஃபிரேம் ஏறவில்லை என்றால், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, திணறுவது பிராசசர். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் கிராஃபிக்ஸ் கார்டு என்றால், யார் யார் வந்திருக்கிறார்கள், யாரை எங்கே உட்கார வைப்பது, யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவர் பிராசசர். இலையில் ஒரு பதார்த்தத்தைக் குறைக்கலாம். வந்துவிட்ட ஆளைக் குறைக்க முடியாது.

லோயர் சிட்டியின் தெருவில் பத்திரிகை விற்கும் பையன் இருக்கிறான், கடைக்காரர்கள், காவலர்கள், சும்மா நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் ஒருவன் பையில் கை விட்டால் பார்க்கிறவர் யார், கத்துகிறவர் யார், காவலரைக் கூப்பிடுகிறவர் யார் என்று மெஷின் ஒவ்வொரு கணமும் கணக்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் மூன்று நாள் முன்னால் காப்பாற்றியவன் இங்கே உயிரோடு நிற்க வேண்டும், கொன்றவன் நிற்கக்கூடாது. நான்கு கோர் பிராசசருக்கு இது தலைக்கு மேல் வெள்ளம். ஆனால் இந்தக் கணக்குதான் ஆர்பிஜி. இதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அழகான சுவர்கள் மட்டுமே.

சில கேம்கள் இங்கேயும் ஒரு திருகு வைத்திருக்கின்றன. விட்சர் 3-இல் பின்னணி மனிதர்கள் எத்தனை பேர் என்று ஒரு செட்டிங் உண்டு, 75 முதல் 150 வரை. சைபர்பங்க் 2077-இல் கூட்டத்தின் அடர்த்தி என்று தனியாக இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3-இலும் ‘டைனமிக் கிரவுட்ஸ்’ என்று ஒன்று உண்டு. இறக்கினால் பலன் தெரியும், ஆனால் நோவிகிராடு சந்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தெரு ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. ஊரைக் காலி செய்வதைவிட ஃபிரேம் இருபத்து நான்கில் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இந்த விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச்சில் வந்த டிராகன்ஸ் டோக்மா 2 சாட்சி. அதற்கு மினிமமே ஜிடிஎக்ஸ் 1070, என் பெட்டிக்கு எட்டாக்கனி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களும் வெர்ன்வொர்த் நகரத்துக்குள் போனதும் திணறினார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரின் இருப்பையும் அவர்களால் சுற்றிலும் ஏற்படும் விளைவையும் கணக்கிடுவதால் பிராசசர் மேல் பாரம் விழுகிறது என்று கேப்காம் விளக்கம் கொடுத்தது. சில ஆட்டக்காரர்கள் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஊர்க்காரர்களை வெட்டிச் சாய்த்தால் ஃபிரேம் ஏறுகிறது! நாயகனாக வந்தவன் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக ஊரை அழிக்கிறான். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. சுமையைக் குறைக்கப் போய் கேமையே கொல்வது இதுதான்.

லோயர் சிட்டியை நான் ஆடிய விதம் வேறு. கேமராவை உச்சிக்கு ஏற்றி நேரே கீழே பார்க்கும்படி வைத்தேன். தொடுவானம் தெரியாது, தூரத்துக் கூரைகள் தெரியாது, வரைய வேண்டியது குறைந்து இரண்டு மூன்று ஃபிரேம் கூடும். கூடவே அலையும் எலும்புக்கூடு, பிசாசு முதலான எடுபிடிகளை அனுப்பிவிட்டேன், அவையும் ஆள் கணக்குதான். திருட்டு வேலைக்கு முன்னால் டர்ன்-பேஸ்டு முறைக்கு மாற்றிவிடுவேன். சண்டை இல்லாதபோதும் அந்தப் பொத்தானை அமுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலகம் நின்று, நம் முறை வரக் காத்திருக்கும். காவலரின் பார்வை எங்கே விழுகிறது என்று பார்த்து நிதானமாக அடி எடுத்து வைக்கலாம். இருபது ஃபிரேமில் ஓடிப் பிடிப்பது கஷ்டம், இருபது ஃபிரேமில் யோசிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு கட்டத்தில் எந்த இடத்தில் எண் ஏறும் என்பதே மனப்பாடமாகிவிட்டது. சார்சரஸ் சண்ட்ரீஸ் கடைக்குள் போனால் ஏறும். எல்ஃப்சாங் விடுதியின் மாடிக்குப் போனால் ஏறும். சாக்கடைக்குள் இறங்கினால் முப்பது கெட்டியாக நிற்கும். அந்த நகரத்தின் சாக்கடையில் என் அளவுக்குச் சந்தோஷமாகத் திரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆக்ஷன் ஆர்பிஜி என்றால் கதை வேறு. எல்டன் ரிங் 60-க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்ட கேம். எதிரி வாளை ஓங்கும்போது எப்போது உருள்வது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. முப்பதில் ஓட்டினால் அமுக்கியதற்கும் நடந்ததற்கும் இடையில் ஒரு சொட்டு நேரம் கூடுதலாகப் போய்விடும். அந்தச் சொட்டில் செத்துப்போவோம். செத்தது நம் கையாலா கம்ப்யூட்டராலா என்று தெரியாமல் போவதுதான் பெரிய எரிச்சல். 2025 ஏப்ரலில் மோன்பெல்லியேயிலிருந்து சாண்ட்ஃபால் என்ற சின்ன ஸ்டுடியோ கொண்டுவந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இரண்டும் கெட்டான். நம் முறை வரும்போது நிதானமாக யோசிக்கலாம். எதிரியின் முறையில் சரியான கணத்தில் அமுக்கி அடியைத் தட்ட வேண்டும். அன்ரியல் 5-இல் செய்தது, கார்டுக்கு வேலை ஜாஸ்தி. அதில் மட்டும் நான் என் கட்சியை மாற்றிக்கொண்டேன். படம் எவ்வளவு மங்கினாலும் பரவாயில்லை, ஃபிரேம் சீராக வேண்டும். அதிலும் முடியாதவர்கள் ‘ஸ்டோரி’ நிலைக்கு இறங்கலாம், தட்டுவதற்கான நேரம் தாராளமாகக் கிடைக்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பழைய பெட்டியில் காசு போடுவதாக இருந்தால் முதல் காசு எஸ்எஸ்டிக்குத்தான். ஹார்டு டிஸ்க்கில் பால்டர்ஸ் கேட் 3-ஐப் போட்டவர்களுக்காக அதில் மெதுவான டிஸ்க்குக்கான தனி வசதியே இருக்கிறது. ஆனாலும் கதவைத் திறந்தால் உள்ளே ஆள் இருப்பான், சட்டை பிறகுதான் வரும். சைபர்பங்க் பின்னால் எஸ்எஸ்டியைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. பழைய மதர்போர்டில் என்விஎம்இ ஸ்லாட் இருக்காது. கவலை வேண்டாம், சாட்டாவின் நொடிக்கு 500 எம்பி சொச்சமே இந்த வேலைக்குப் போதும். இரண்டாவது காசு ராமுக்கு. எட்டு ஜிபியில் இன்று பிரவுசர் ஓடுவதே பெரிது.

கம்ப்யூட்டரின் வயதை வருடத்தால் எண்ணக் கூடாது, கன்சோலால் எண்ண வேண்டும். 2013-இல் வந்த பிஎஸ்4-க்கும் சேர்த்துச் செய்த கேம் என்றால் என் பெட்டி தாங்கும். ஏனென்றால் பிஎஸ்4-இன் பிராசசர் என்னுடையதைவிட நோஞ்சான். எல்டன் ரிங் 2022-இல் வந்தும் பிஎஸ்4-இல் ஓடியது, அதனால்தான் இங்கேயும் ஓடியது. சைபர்பங்க் பிஎஸ்4-க்கு வந்தது, அதன் தொடர்ச்சியான ஃபேன்டம் லிபர்ட்டி 2023-இல் வரவில்லை. பால்டர்ஸ் கேட் 3, கிங்டம் கம் 2, எக்ஸ்பெடிஷன் 33 எதுவும் பிஎஸ்4-க்கு வரவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியபின் நமக்கு மிச்சமிருக்கும் தயவு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஸ்டீம் டெக் என்ற இரண்டு சின்னப் பெட்டிகள்தான். அவற்றுக்காகக் கேமை இறுக்கிக் கட்டும்போது அதன் மிச்சம் மீதி நமக்கும் கிடைக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. 2025 ஜனவரியில் கம்ப்யூட்டருக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்துக்கு டிஎக்ஸ்12 அல்டிமேட் தெரிந்த கார்டு வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு அது தெரியாது. இங்கே மெதுவாக ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே வருடம் அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் கீழே முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை, என்னுடையது நான்காம் தலைமுறை. அதே மாதத்தோடு என்விடியாவும் இந்த வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவரை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும்.

அதற்காக மூட்டை கட்ட வேண்டியதில்லை. டிஸ்கோ எலிசியம், டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2, பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்று இந்தப் பெட்டியில் அலுங்காமல் ஓடுபவை ஒரு ஆயுளுக்கு இருக்கின்றன. எழுத்தையே நம்பி நிற்கும் கேம்கள் மெஷினிடம் அதிகம் கேட்பதில்லை. புதிதாக வருவதில் ஆசை இருந்தால் வெளிவந்த அன்று வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் நாலைந்து பேட்ச் வரும், விலையும் இறங்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதை நம்பி ‘ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம்’ என்று ஆர்பிஜியை வாங்குவதில் பயனில்லை. இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது வொயிட் ஆர்ச்சர்டு மட்டுமே. யூடியூபில் தேடும்போதும் கேம் பெயரையும் கார்டு பெயரையும் மட்டும் போடாதீர்கள், அந்த கேமின் பெரிய ஊரின் பெயரையும் உங்கள் பிராசசர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நோவிகிராடு, குட்டன்பெர்க், லோயர் சிட்டி. அங்கே எடுத்த வீடியோ கிடைத்து, அதில் தெரியும் எண் உங்களுக்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள். காட்டையும் குகையையும் மட்டும் காட்டும் வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.